காண்ட்ராக்டருக்கு எந்த சாஃப்ட்வேர்? முதல்ல பில்லைப் பாருங்க!

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு "காண்ட்ராக்டர்களுக்கு ஒரு ஆப்" என்று தலைப்பு எடுக்கப் போறீங்களா? கோட் எழுத உட்காரும் முன்னாடி, ஒரு நாள் காலை ஆறு மணிக்கு மணலியிலோ எண்ணூரிலோ ஒரு தொழிற்சாலை கேட் பக்கம் போய் நில்லுங்க. ஃபிட்டர், வெல்டர், ஹெல்ப்பர் என்று கேட் பாஸோடு ஆட்கள் உள்ளே போவாங்க. அதில் பலர் கம்பெனி ஆட்கள் இல்லை, காண்ட்ராக்டர் ஆட்கள்.

இந்தக் காண்ட்ராக்டர்களில் இரண்டு வகை உண்டு.

ஆள் அனுப்புறவர்: சுத்திகரிப்பு ஆலையில் ஷட்டவுன் வந்தால் சில வாரங்களுக்கு நூற்றுக்கணக்கான ஆட்கள் வேணும். இவருடைய பில், எத்தனை ஆள், எத்தனை ஷிஃப்ட் என்பதை வைத்துத்தான். இவருக்குத் தேவை ஒர்க்ஃபோர்ஸ் மேனேஜ்மென்ட்: வருகை, ஷிஃப்ட், ஓவர்டைம், சம்பளப் பதிவேடு, பி.எஃப்., இ.எஸ்.ஐ.

வேலையை முடிச்சுக் கொடுக்கிறவர்: திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் ரீஃபர் பெட்டி கூலிங் ஆகலைன்னு போன் வரும். ராயபுரத்தில் ஜெனரேட்டர் நின்னுபோகும். பக்கத்தில் இருக்கிற டெக்னீஷியன் யார், ஸ்பேர் அவர்கிட்ட இருக்கா, கஸ்டமர் கையெழுத்து வாங்கியாச்சா? இதுக்குத்தான் ஃபீல்ட் சர்வீஸ் சாஃப்ட்வேர். இங்கே பில் ஒரு வேலைக்கு இவ்வளவு, இல்லன்னா வருஷ ஏ.எம்.சி.

நம்ம ஊர் ஜோஹோகூட ஜோஹோ பீப்பிள், ஜோஹோ எஃப்.எஸ்.எம். என்று இதை இரண்டு தனி சாஃப்ட்வேரா வச்சிருக்கு. இரண்டிலும் ஜி.பி.எஸ்., மொபைல் ஆப் என்று வசதிகள் ஒரே மாதிரி தெரியும். அங்கேதான் பலர் ஏமாறுறாங்க.

மாத்தி வாங்கினா என்ன ஆகும்?

ஷட்டவுன் காண்ட்ராக்டர் ஃபீல்ட் சர்வீஸ் ஆப் வாங்கிட்டார்னு வைங்க. முதல் சிக்கல் கேட்டிலேயே வரும். எரியும் வாயு இருக்கிற பகுதிக்குள் சாதாரண செல்போனுக்கு அனுமதி கிடையாது. போனே உள்ளே போகாத இடத்தில் யார் "செக்-இன்" பண்றது?

இரண்டாவது சிக்கல் நள்ளிரவு. ஒருத்தர் ராத்திரி 10 மணிக்கு ஏறி, மறுநாள் காலை 10 மணிக்கு இறங்குறார். 12 மணி நேரம். எட்டு மணி நேரத்துக்குக் கூலி 800 ரூபாய் என்றால், மீதி 4 மணி நேரம் இரட்டிப்பு ஓவர்டைம், இன்னொரு 800. மொத்தம் 1,600. ஆனால் ஆப் நள்ளிரவில் தேதியை வெட்டிடுச்சுன்னா? முதல் நாள் 2 மணி நேரம் மட்டும்தான், அதனால 'ஆப்சென்ட்'. அடுத்த நாள் 10 மணி நேரம், கூலி 800, ஓவர்டைம் 400. மொத்தம் 1,200. ஒரே ராத்திரியில் 400 ரூபாய் காணோம். யாரும் திருடலை, ஒரு டேட் ஃபீல்டு தின்னுடுச்சு. நள்ளிரவுக்குப் பிறகு செய்த வேலை முந்தைய நாள் கணக்குதான் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. உங்க லாஜிக்கும் அதைச் சொல்லணும்.

இது காண்ட்ராக்டர் தலைவலி மட்டும் இல்லை. அவர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளி, அதாவது வேலை கொடுத்த கம்பெனி, தர வேண்டும் என்று 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே விதி வந்தாச்சு. அதனால பில்லோடு வருகைப் பதிவேட்டையும் கம்பெனி கேட்கும். 'ஜாப் முடிந்தது' என்கிற டிக்கெட் அந்த இடத்தில் உதவாது.

திருப்பிப் பார்த்தாலும் அதே கதைதான். ரீஃபர் மெக்கானிக் எட்டு மணிக்கு வந்தார் என்று வருகை ஆப் சொல்லும். பெட்டிக்குள் இருக்கிற மீன் கெட்டுப்போகாம இருந்ததா என்று அது சொல்லாது.

எப்படி முடிவு பண்றது?

காண்ட்ராக்டர்கிட்ட "என்ன ஃபீச்சர் வேணும்?" என்று கேட்காதீங்க. போன மாச பில்லைக் காட்டச் சொல்லுங்க. ஆள் கணக்கில் பில் இருந்தா ஒர்க்ஃபோர்ஸ். வேலை கணக்கில் இருந்தா ஃபீல்ட் சர்வீஸ். இரண்டும் இருந்தா, எதில் பணம் அதிகம் நிக்குதோ அதிலிருந்து தொடங்குங்க.

அப்புறம் ஒரு மாசப் பதிவேட்டை அப்படியே டெமோவில் ஏத்திப் பாருங்க, நைட் ஷிஃப்டையும் சேர்த்து. பேப்பரில் வந்த கூலியும் ஸ்க்ரீனில் வந்த கூலியும் ஒரே தொகையா இருந்தா மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போங்க. டேஷ்போர்டுக்கு கலர் அப்புறம் பார்த்துக்கலாம்!