எழுபது வளைவுகளும் ஓர் அரையும்

கொல்லிமலையில் சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு வண்டியில் இறங்கியவர்கள் பலருக்கும் எழும் கேள்வி இது: பிரேக் கருகும் வாடை மேல் வளைவுகளில் வராமல் அடிவாரத்தை நெருங்கும்போது ஏன் வருகிறது? கடைசி வளைவு முதல் வளைவைவிட அப்படியொன்றும் கொடியது இல்லையே?

பிரேக் டிரம்மின் உள்பரப்பில் இப்போதுள்ள சூடு, இதுவரை மிதித்த ஒவ்வொரு மிதியின் மிச்சமும் சேர்ந்தது. வளைவுக்கு வளைவு ஒரே இடைவெளி, ஒரே மிதி என்று வைத்துக்கொள்வோம். இந்த வளைவின் சூட்டுக்கு எடை 1. முந்தையதற்கு 1/2. அதற்கும் முந்தையதற்கு 3/8. பிறகு 5/16, 35/128. செய்முறை எளிது: 1/2, 3/4, 5/6, 7/8 என்று வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். கணிதத்தில் இது அரை வரிசைக் கூட்டல். திருப்பிப் போட்டால் அரை வரிசை வேறுபாடு.

பெருக்கும் பின்னம் 1-ஐ நெருங்கிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். பழையதாக ஆக, மறக்கும் வேகமே குறைகிறது. படிக்குப் பாதி மறக்கும் சாதாரண சமிக்ஞை வடிகட்டியில் (filter) பத்துப் படி கழித்து மிஞ்சுவது ஆயிரத்தில் ஒரு பங்கு. இங்கே நூற்றுக்குப் பதினேழுக்கும் மேல்.

பங்காளி வருத்தமும் இப்படித்தான். கல்யாணப் பந்தியில் கூப்பிடாமல் விட்டது முதல் வருஷம் பாதி ஆறும். அடுத்த வருஷம் மிச்சத்தில் கால்வாசி. இருபதாம் வருஷம் நாற்பதில் ஒரு பங்குதான். இடையில் காதுகுத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்? எதிர்க்குறியில் ஒரு பதிவு விழும். ஆனால் புதுசு என்பதால் அதில் பாதி ஒரே வருஷத்தில் கரைந்துவிடும். பழைய வருத்தமோ அசையாமல் நிற்கும். சமாதானம் பேசப்போகும் பெரியவர்கள் இந்தக் கணக்கை அறிந்திருப்பது நல்லது.

மலைக்குத் திரும்புவோம். டிரம்முக்கு மறதியே இல்லையென்றால் எழுபதாவது வளைவில் சூடு ஒரு வளைவின் எழுபது மடங்கு. நினைவே இல்லையென்றால் ஒரு மடங்கு. அரை வரிசையில் ஏறக்குறைய 9.4 மடங்கு. தடிமனுக்கு முடிவில்லாத, காற்றே படாத இரும்புக்கான கணக்கு இது. நிஜ டிரம்மிலோ தடிமனின் குறைவு மறதியைக் குறைக்கும், படும் காற்று அதைக் கூட்டும்.

இந்தக் கணக்கு அச்சாகப் பொருந்தும் இடம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஷாக் டனல், அதாவது மாதிரி ஒன்றின் மேல் அதிவேகக் காற்றை ஒரு கணம் பாய்ச்சிப் பார்க்கும் குழாய். மாதிரியின் மேல் ஒட்டிய மெல்லிய பிளாட்டினப் படலம் வெப்பநிலையை மட்டுமே சொல்லும். பாய்ந்த வெப்பத்தைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். 1966-இல் குக், ஃபெல்டர்மன் தந்த சூத்திரம் செய்வது, பெயர் சொல்லாமல், அரை வரிசை வகைக்கெழுவைத்தான். சோதனை முடிய ஒரு மில்லிசெகண்ட் அளவே ஆவதால் வெப்பம் மறுபக்கம் போய்ச் சேர்வதில்லை.

வரலாறு வேண்டுமென்றால்: அரை வரிசை வகைக்கெழு பற்றிய பேச்சை 1695-இல் லோபிதாலும் லைப்னிட்சும் கடிதத்தில் தொடங்கினார்கள்; 1981-இல் ஹாஸ்கிங் நீண்ட நினைவுள்ள காலத்தொடர்களுக்கு இதைப் பயன்படுத்தினார்; 1999-இல் போட்லுப்னி, தொட்டியின் நீர்மட்டம் போன்றவற்றை மூன்று திருகுகளால் நிலைநிறுத்தும் பிஐடி கட்டுப்படுத்தியின் பின்ன வரிசை வடிவத்தை முன்வைத்தார். போதும்.

கடைசியாகச் சொன்னதிலிருந்துதான் ஆரவாரம். நம் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் கூம்புத் தொட்டி இருந்தால் போதும், பின்ன வரிசை பிஐடி சாதாரண பிஐடியை வென்றுவிட்டதாக ஒரு கட்டுரை வந்துவிடும். மூன்று திருகுகளோடு இன்னும் இரண்டு கொடுத்தால் வெல்லாமல் என்ன செய்யும்? கணினியின் நினைவகமோ முடிவுள்ளது. பழைய எடைகளை எங்கேயாவது வெட்டியாக வேண்டும். வெட்டியபின் மிஞ்சுவது நீளமான ஒரு சாதாரண வடிகட்டி. அதே நீள வடிகட்டியை, அதே பொறுமையோடு திருகிப் பார்த்துவிட்டு வெற்றியை அறிவிக்கட்டும்.