முழங்கால் ஊசிக்குப் பணம் கட்டுமுன்

அமராவதிபுதூரிலும் காரைக்குடியிலும் காலை முதல் இரவு வரை தராசடியில் நின்றே வியாபாரம் பார்க்கும் நம் வணிகர்களுக்கு ஐம்பதைத் தாண்டினால் முழங்கால் வலி வந்துவிடுகிறது. ஊசி போட்டால் தேய்ந்த ஜவ்வு வளர்ந்துவிடும் என்ற பேச்சும் கூடவே வருகிறது. அப்படி நிரூபணமான ஊசி இன்றுவரை இல்லை.

ஸ்டீராய்டு ஊசி வலியைச் சில வாரங்கள் அடக்கும். அதையே 3 மாதத்துக்கு ஒருமுறை 2 ஆண்டுகள் போட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வில் (2017), உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட ஜவ்வு கூடுதலாகத் தேய்ந்திருந்தது, வலியிலோ வித்தியாசமில்லை. சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு இந்த ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும். நம்மில் பலர் அந்தக் கணக்கில்தான் இருக்கிறோம். டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைப் பிரித்துப் போடும் பி.ஆர்.பி. ஊசிக்குச் செலவு அதிகம். ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்த ஆய்வில் (2021), ஓராண்டு கழித்து அதுவும் உப்புநீரும் ஒன்றாகவே நின்றன. ஜெல் ஊசியின் பலனும் சொற்பம்தான்.

மாதிரி பார்க்காமல் நாம் மூட்டை இறக்குவதில்லை. என்ன ஊசி, எத்தனை தடவை, மொத்தம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தொடைத் தசைக்கான பயிற்சியையும் கேளுங்கள். கல்லாவுக்குப் பின்னால் உயரமான ஸ்டூல் ஒன்றை இன்றே போடலாம்.