உரம் குறைந்தும் தெளியாத கடல்

வடக்கு ஐரோப்பாவின் பால்டிக் கடலை ஒன்பது நாடுகள் சூழ்ந்திருக்கின்றன. வெளிக்கடலுக்கு டென்மார்க் பக்கம் குறுகலான வாசல்தான். தண்ணீர் மாற சுமார் 30 ஆண்டுகள் ஆகும். வயல் உரமும் நகரச் சாக்கடையும் கொண்டுவந்த சத்துகள் அங்கேயே தங்கின.

1980-களுக்குப் பிறகு மணிச்சத்து வரத்து ஏறக்குறைய பாதியானது. ஆனாலும் கடல் தெளியவில்லை. செத்த பாசி அடியில் மக்கும்போது ஆக்சிஜன் தீர்கிறது. உடனே சேற்றில் இரும்போடு ஒட்டிக்கிடந்த பழைய மணிச்சத்து கரைந்து மேலே வருகிறது. அதில் நீலப்பச்சைப்பாசி கொழிக்கிறது. நெல் வயலில் தழைச்சத்துக்காக விடும் பாசிக்கு இது பங்காளிதான்! காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் அடக்குவது கடினம்.

காட் மீன் முட்டைக்கு ஆழத்தில் ஆக்சிஜன் வேண்டும். அளவுமீறிப் பிடித்ததோடு இதுவும் சேர, கிழக்கு பால்டிக்கில் காட் பிடிக்க 2019-ல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது.

நிலக்கடலைக்குப் போடும் அதே ஜிப்சத்தைப் பின்லாந்தில் ஹெக்டேருக்கு 4 டன் வீதம் வயலில் இடுகிறார்கள், மணிச்சத்து மண்ணோடு நிற்க.