எவரும் ஏறாத குட்டி

குருத்து ஞாயிறன்று ஆலயத்துக்கு வெளியே வாசிக்கப்படும் நற்செய்தியை நாம் பெரும்பாலும் கையிலுள்ள ஓலையைச் சிலுவையாக மடித்தபடியேதான் கேட்கிறோம். பவனி புறப்படும் அவசரம் ஒருபுறம், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் கவலை மறுபுறம். உள்ளே சென்றபின் ஆண்டவருடைய பாடுகளின் நீண்ட வரலாறு வாசிக்கப்படுவதால், மறையுரையும் இயல்பாகவே அதைப் பற்றியதாக அமைந்துவிடுகிறது. இதனால் ஆண்டுதோறும் மறையுரையின்றி விடுபட்டுப்போவது அந்தக் கழுதைக்குட்டிதான்.

மாற்கும் லூக்காவும் அக்குட்டியைக் குறித்து ஒரு செய்தியைத் தவறாமல் பதிந்திருக்கிறார்கள். அதுவரை எவரும் அதன்மேல் அமர்ந்ததில்லை என்பதே அது. மறைநூல் அறிஞர்கள் இதற்குத் தரும் விளக்கம் நமக்குத் தெரிந்ததே. இறைவனுக்கென ஒதுக்கப்படும் விலங்கு நுகம் சுமந்திராததாக இருக்க வேண்டும் என்பது பழைய ஏற்பாட்டு மரபு. எண்ணிக்கை நூலில் வரும் சிவப்புக் கிடாரியும், உடன்படிக்கைப் பேழையை இழுத்துவந்த பசுக்களும் அத்தகையவையே. விளக்கம் சரியானது. ஆனால் குதிரையோடும் கழுதையோடும் வாழ்ந்து பழகிய ஒருவர் இவ்வரியைக் கேட்டால் அவர் நினைவுக்கு முதலில் வருவது மரபு அன்று, ஆபத்து.

குதிரையும் கழுதையும் இரையாகிப் பிழைத்த இனத்தைச் சேர்ந்தவை. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் ஏறக்குறையச் சுற்றிலும் உள்ள அனைத்தையும் அவை காண்கின்றன. நெற்றிக்கு நேர் முன்னேயும் வாலுக்கு நேர் பின்னேயும் உள்ள சிறு பகுதிகள் மட்டுமே அவற்றுக்குத் தெரிவதில்லை. முதுகின்மேல் திடீரென வந்து விழும் எதுவும் அவற்றின் இயல்பறிவுக்குச் சிங்கமே. விவிலிய காலத்துப் பாலஸ்தீனத்தில் சிங்கங்கள் உலவின என்பதையும் மறந்துவிடலாகாது. அப்படிப்பட்ட விலங்கின் முதுகில், அது ஒருநாளும் பாரம் அறியாத வேளையில், மேலாடைகளை விரிக்கிறார்கள். வழியெங்கும் துணிகள் கிடக்கின்றன, கிளைகள் அசைகின்றன, முன்னும் பின்னும் மக்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். முதன்முதல் ஏறும் நாளில் எவையெல்லாம் கூடாது என்று குதிரை பழக்குவோர் விலக்குவார்களோ, அவை அனைத்தும் ஒலிவ மலைச் சரிவில் ஒன்றாகக் கூடியிருந்தன.

மத்தேயு மட்டும் தாய்க்கழுதையையும் உடன் குறிப்பிடுகிறார். அனுபவமுள்ளோர் இதைக் கேட்டால் தலையசைப்பார்கள். இளங்குதிரையைப் புதிய இடத்துக்குக் கொண்டுசெல்லும்போது அமைதியான மூத்த குதிரை ஒன்றை அருகில் நடத்துவது இன்றும் வழக்கம்.

குதிரையைப் பழக்குவது பற்றி மேல்நாட்டில் எழுதப்பட்ட மிகப் பழைய நூல்களுள் ஒன்று, கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கத் தளபதி செனபோன் எழுதியது. அனுபவமில்லாத உரிமையாளருக்கு அவர் கூறும் முதல் அறிவுரை வியப்பூட்டுவது. குட்டியை நீயே பழக்க முற்படாதே, மகனைத் தொழில் பயில அனுப்புவதுபோல அதைத் தேர்ந்தவனிடம் அனுப்பு, திரும்பி வரும்போது அது என்னென்ன அறிந்திருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் உடன்பட்டுக்கொள் என்கிறார். அதற்கு முன்னர் வீட்டிலேயே செய்யவேண்டிய ஒன்றையும் சொல்கிறார். பசியும் தாகமும் ஈக்களின் தொல்லையும் தீர்வது மனிதரால்தான் என்று குட்டி உணருமாறு பராமரிப்பவன் நடந்துகொள்ள வேண்டுமாம். சினத்தோடு குதிரையை அணுகவே கூடாது என்பதும் அவர் விதி. போர்க்களத்தில் வாழ்ந்த ஒருவர் இதனை எழுதியிருக்கிறார் என்பது எண்ணத்தக்கது.

பழக்கும் முறையின் உள்ளே நுழைந்து பார்த்தால், வெளியிலிருந்து நாம் எண்ணுவதற்கு நேர்மாறான ஒன்று நடப்பதைக் காணலாம். கழுத்துக் கயிற்றை மெல்ல இழுக்கிறோம். குட்டி தயங்குகிறது, பின் ஓரடி எடுத்து வைக்கிறது. அந்தக் கணமே கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். குதிரைக்குப் பாடம் சொல்வது இழுப்பு அன்று, அந்தத் தளர்வுதான். அனுபவமில்லாதவர் தடுமாறுவதும் இங்கேதான். குட்டி கீழ்ப்படிந்த பின்னும் அவர் இழுத்துக்கொண்டே இருப்பார். அது துள்ளி முரண்டு பிடிக்கும்போது அஞ்சிக் கயிற்றை விட்டுவிடுவார். கீழ்ப்படிதலால் பயனில்லை, முரண்டினால் விடுதலை உண்டு என்று குட்டி மிகத் தெளிவாகக் கற்றுக்கொள்ளும். பிறகு அவர் அதை அடங்காப் பிடாரி என்று ஏசுவார். (பிள்ளை வளர்க்கும் வீடுகளில் இக்காட்சியை யாரும் கண்டதில்லை என்று சொல்ல முடியுமா?)

தமிழகத்து மன்னரும் ஒரு காலத்தில் அறியாமையோடு குதிரைகளுக்கு உரிமையாளராக இருந்தவர்களே. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரபு நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கடல்வழி வந்திறங்கின என்றும், மன்னர் ஒருவர் வாங்கிய 2,000 குதிரைகளில் ஆண்டு முடிவில் 100கூட எஞ்சுவதில்லை என்றும் எழுதுகிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். காரணமாக அவர் சுட்டுவது பராமரிப்பு அறிவு இல்லாமையை. வேகவைத்த சோற்றோடு இறைச்சியையும் கலந்து குதிரைக்கு ஊட்டினார்களாம்! வணிகர் குதிரை மருத்துவரை அந்நாட்டுக்கு வரவிடவில்லை என்றும் அவர் சேர்க்கிறார். குதிரைகள் சாகச்சாக வியாபாரம் செழித்தது.

நம் மலையகத் தோட்டங்களில் குதிரை இருந்த காலம் கோப்பிக் காலம். பாதைகள் சீராகாத அந்நாளில் துரைமார் குதிரையிலும் மட்டக்குதிரையிலும் தோட்டம் சுற்றினர். குதிரைக்குப் புல் அறுத்து, உடல் தேய்த்து, இரவில் லாயத்தருகே உறங்கியவர் தென்னிந்தியாவிலிருந்து வந்த குதிரைக்காரர். துரை சவாரி செய்ய, அவர் பின்னாலேயே கால்நடையாக ஓடிவந்தவரும் அவரே. குதிரையின் அச்சத்தையும் பிடிவாதத்தையும் உண்மையில் அறிந்திருந்தவர் அவர். உரிமைப் பத்திரம் வேறொருவர் பெயரில் இருந்தது. அவருடைய பெயரைத் தோட்டக் குறிப்பேடுகளில் தேடினால் கிடைப்பது அரிது. மோட்டார் வாகனங்கள் வந்தபின் லாயங்கள் வெறுமையாயின. லயன்கள் மட்டும் எஞ்சின.

ஆயினும் சப்ரகமுவவில் வாழும் நமக்குக் காட்டுவிலங்கைப் பழக்குதல் என்பது தூரத்துச் செய்தியன்று. கேகாலை வளர்ப்பு யானைகளுக்குப் பெயர்போன மாவட்டம். இரத்தினபுரி சமன் தேவாலயப் பெரஹராவில் யானைகள் அணிவகுப்பதை நம் பிள்ளைகள் பார்த்து வளர்கிறார்கள். குதிரையைப் போலன்றி யானையை மனிதர் தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்து வளர்த்ததில்லை. பெரும்பாலும் காட்டிலிருந்தே பிடித்தனர். ஆகவே ஒவ்வொரு யானையும் எவரும் ஏறாத குட்டியாகவே மனிதரிடம் வந்து சேர்ந்தது.

பிடிக்கும் முறை இதுதான். காட்டு மரங்களை நெருக்கமாக நட்டுப் பெருவேலி அமைத்து, பறையொலியாலும் தீப்பந்தங்களாலும் கூட்டத்தை அதனுள் விரட்டுவர். பழகிய யானைகள் இரண்டு புதிய யானையை இருபுறமும் நெருக்கி நிற்க, அவற்றின் மறைவிலிருந்து பின்னங்காலில் சுருக்கிட்டு மரத்தோடு பிணைப்பர். ஒல்லாந்தர் காலத்தில் இவ்வாறு பிடிபட்டவை வடக்கே நடத்திச் செல்லப்பட்டு, யாழ்ப்பாணத்தில் இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. ஆனையிறவு என்னும் பெயர் அக்கதையை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆங்கிலேய ஆட்சியில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859 இல் வெளியிட்ட நூலில், பிடிபட்ட யானையை எவ்வாறு பழக்கினர் என்பதை விரிவாக எழுதியிருக்கிறார். முதல் சில நாள்கள், அது தானாக உண்ணத் தொடங்கும்வரை, தொந்தரவு செய்யாமல் விடுவர். துணைக்குப் பழகிய யானை ஒன்றை அருகே கட்டுவர். பின்னர் முதுகைத் தேய்த்துக்கொண்டே பாடுவர். தும்பிக்கையை வீசினால் கூர்முனைக் கோல் அதனைத் தடுக்கும். மென்மையும் கொடுமையும் இவ்வாறு கலந்தே இருந்தன. அவர் எழுதியவற்றுள் ஒரு செய்தி மறக்க இயலாதது. பிணைக்கப்பட்டவற்றுள் சில, உடலில் பெருங்காயம் ஏதுமின்றியே, படுத்து உயிர்விட்டன. இதயம் உடைந்து இறந்ததாக மக்கள் கூறினராம்.

இலங்கையில் நடந்த கடைசிப் பெரும் யானைப்பிடிப்பு நம் இரத்தினபுரி மாவட்டத்திலேயே, எம்பிலிப்பிட்டியவுக்கு அருகேயுள்ள பனாமுரவில், 1950 ஆகஸ்டில் நிகழ்ந்தது. அந்நாளில் நாடாளுமன்றத்தின் சபாநாயகராக இருந்த சேர் பிரான்சிஸ் மொலமுரே அதனை முன்னின்று நடத்தினார். வேடிக்கை பார்க்க மக்கள் திரண்டிருந்தனர். அடைபட்ட கூட்டத்தின் தலைவனான ஆண் யானை, சுருக்கிட வந்தவர்களையும் பழகிய யானைகளையும் தன் கூட்டத்தை நெருங்கவிடாமல் எதிர்த்து நின்றது. முடிவில் அதனைச் சுட்டுக் கொன்றார்கள். நாடெங்கும் எழுந்த கண்டனத்தின் பின் அத்தகைய யானைப்பிடிப்பு மீண்டும் நடைபெறவில்லை. பனாமுர யானை அரசனைப் பற்றிய சிங்களப் பாடல் தலைமுறைகளைக் கடந்து இன்றும் பாடப்படுகிறது. சுட்டவர் யாரென்பது அப்பாடலைப் பாடும் பலருக்குத் தெரியாது.

அந்த யானை அடங்காதது என்று சொல்வது எளிது. அது தன் கடமையைத்தான் செய்துகொண்டிருந்தது என்பதே என் எண்ணம்.

யானைப்பிடிப்பு நின்றாலும், யானையை வைத்திருக்கும் ஆசை நிற்கவில்லை. வீட்டு முற்றத்தில் யானை நிற்பது செல்வாக்கின் அடையாளம் என்று எண்ணுவோர் உள்ளனர். கயிறு பிடிக்கத் தெரியாத அத்தகையோர் பாகனை அமர்த்துகின்றனர். பாகன் மாறினால் யானைக்குக் குரல் மாறுகிறது, மணம் மாறுகிறது, அங்குசத்தின் அழுத்தம் மாறுகிறது. மத காலத்தில் அதைப் புரிந்துகொள்ளாதவர் கையில் சங்கிலி இருந்தால் உயிரிழப்பவர் பெரும்பாலும் பாகனே, உரிமையாளர் அல்லர். 2021 ஆகஸ்டில் இலங்கை அரசு வர்த்தமானியில் வெளியிட்ட விதிகள் இந்நிலையைக் கருத்திற்கொண்டவை. வளர்ப்பு யானை நாள்தோறும் இரண்டரை மணி நேரம் குளிக்க வேண்டும். மரம் இழுக்கும் யானைக்கு நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இரவு வேலையும் கூடாது. குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது, பெரஹராவிலும் அதனை ஈடுபடுத்தலாகாது. பாகன் பணியின்போது மது அருந்தாதிருப்பதை உறுதிசெய்யும் பொறுப்பை அவனை அமர்த்தியவர்மீதே அவ்விதிகள் சுமத்தின. மது ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை அறிந்த நம் தோட்டங்களுக்கு அதன் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

கேகாலையிலுள்ள பின்னவல யானைகள் சரணாலயத்தை நம்முள் பலர் சுற்றுலா சென்று பார்த்திருக்கிறோம். 1975 இல் தாயற்ற குட்டிகளுக்காகத் தொடங்கப்பட்ட அவ்விடத்தில் யானைகள் மனிதரோடு பழகி வளர்கின்றன. இன்னொரு வழி, சப்ரகமுவவும் ஊவாவும் சந்திக்கும் உடவளவவில் 1995 இல் தொடங்கியது. வனசீவராசிகள் திணைக்களம் நடத்தும் அந்த இடைத்தங்கல் நிலையத்துக்குத் தாயை இழந்த, காயமுற்ற குட்டிகள் கொண்டுவரப்படுகின்றன. சில மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்கப்படுகிறது. இங்கு எவரும் அவற்றைப் பழக்குவதில்லை. கட்டளை இல்லை, முதுகில் ஏறுவோர் இல்லை, பார்வையாளர் தொடுவதற்கும் அனுமதி இல்லை. பாலூட்டும் பணியாளர்கூடத் தேவைக்கு மேல் நெருங்குவதில்லை. பசித்திருக்கும் குட்டி தும்பிக்கையை நீட்டும்போது அதைத் தடவிக்கொடுக்காமல் விலகுவதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். அப்பயிற்சி மனிதருக்கு உரியது.

குருத்து ஞாயிறு நற்செய்தியில் மாற்கு மட்டும் தெளிவாகச் சொல்லும் மற்றொரு செய்தி இங்கு நினைவுக்கு வருகிறது. கட்டியிருந்த குட்டியை அவிழ்க்கும்போது எவரேனும் கேட்டால், இது ஆண்டவருக்குத் தேவை, விரைவில் திருப்பி அனுப்பிவிடுவார் என்று கூறுமாறு சீடருக்குச் சொல்லப்படுகிறது. எருசலேமுக்குள் அரசராக நுழைந்தவர் சென்றது இரவல் வாங்கிய விலங்கின்மேல்.

உடவளவவில் குட்டிகள் ஏறக்குறைய ஐந்து வயதை அடையும்போது காட்டுக்கு அனுப்பப்படுகின்றன. 1998 முதல் இவ்வாறு விடுவிக்கப்பட்டவை நூற்றுக்கும் மேல். ஒன்றாகப் பால் குடித்து வளர்ந்தவற்றை ஒன்றாகவே அனுப்புகிறார்கள். சிலவற்றின் கழுத்தில் வானொலிப் பட்டி இருக்கும், அவை எங்கே செல்கின்றன என்பதை அறிவதற்காக. சில ஆண்டுகள் கழித்து அவற்றுள் சில பெண் யானைகள் தாமே ஈன்ற குட்டிகளோடு காட்டில் காணப்பட்டிருக்கின்றன. அக்குட்டிகளின்மேல் எவரும் ஏறியதில்லை.