பெட்டியை விடுங்கள், சிப்பைப் பாருங்கள்

டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற யுஎஸ்பி வைஃபை அடாப்டருக்கு லினக்ஸ்காரர்களிடம் ஒரு காலத்தில் ஏக மவுசு. செருகினால் போதும், இணையம் வந்துவிடும். அந்தப் பெயரை நம்பிப் பின்னாளில் வாங்கியவர்கள் பலர் திண்டாடிப்போனார்கள். முதல் பதிப்பில் இருந்தது ஏதெராஸின் ஏஆர்9271 சிப். இரண்டாம் பதிப்பில் அது ரியல்டெக் சிப்பாக மாறிவிட்டது. மாடல் பெயர் மட்டும் அப்படியே!

ஆகவே, கேட்க வேண்டிய கேள்வி எந்த பிராண்ட் என்பதல்ல, எந்த சிப் என்பதே. கணினியில் ஏற்கெனவே கார்டு இருந்தால் டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளை அதைச் சொல்லிவிடும். யுஎஸ்பி அடாப்டருக்கு 'எல்எஸ்யுஎஸ்பி'.

டிரைவர் கெர்னலிலேயே இருந்தாலும், கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் தனி. அது திறந்த மூல மென்பொருள் அல்ல என்பதால் டெபியன் நெடுங்காலம் தன் நிறுவல் வட்டில் சேர்க்கவில்லை. இணையத்துக்கு ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேருக்கு இணையம் வேண்டும் என்ற கூத்து 2023இல் வெளியான டெபியன் 12உடன்தான் ஓய்ந்தது.

டெஸ்க்டாப்புக்குத் தயங்காமல் வாங்கக்கூடியது இன்டெல் ஏஎக்ஸ்210, கெர்னல் 5.10 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். பெயரில் ஒட்டி நிற்கும் ஏஎக்ஸ்211ஐ அவசரத்தில் எடுத்துவிடக் கூடாது. அது இன்டெலின் குறிப்பிட்ட சிப்செட்டுகளோடு மட்டுமே பேசும், ஏஎம்டி போர்டில் வேலைக்காகாது.

பிசிஐஇ கார்டோடு ஒரு மெல்லிய கேபிளும் வரும். மதர்போர்டின் யுஎஸ்பி முனையில் அதைச் செருக மறந்தால் வைஃபை ஓடும், புளூடூத் மட்டும் வராது. அதற்கு லினக்ஸைத் திட்டிப் பயனில்லை.