நாடி பேசாத நோய்



மெக்கானிக்கல் படிப்பவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஹைட்ராலிக்ஸ் படித்த நமக்கு இந்த நோய் எளிதில் புரியும்.

இதன் பெயர் ‘டகாயாசு ஆர்ட்டிரைட்டிஸ்’. 1908-ஆம் ஆண்டு ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிடோ டகாயாசு, ஓர் இளம்பெண்ணின் விழித்திரை இரத்தக்குழாய்களில் கண்ட மாற்றத்தை மருத்துவர் கூட்டமொன்றில் எடுத்துரைத்தார். அங்கிருந்த வேறு இரு மருத்துவர்கள், தாங்கள் கண்ட இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடியே இல்லை என்றார்கள்.

இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியையும் அதன் கிளைகளையும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது. குழாயின் சுவர் தடித்து உள்வழி சுருங்குகிறது. சீரான ஓட்டத்தில் விட்டம் பாதியானால், அதே அழுத்தத்தில் 16-இல் ஒரு பங்குதான் பாயும் என்பது நாம் படித்த கணக்கு. கிணத்து மோட்டார் நல்லாத்தான் ஓடும். ஓஸ் மடிஞ்சு கெடந்தா கடைசிப் பாத்திக்குத் தண்ணி எட்டாது. அதே கதைதான்.

எங்கள் தெரு அக்கா ஒருவர் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவர். "கை கடுக்குது, தலை சுத்துது" என்பார். "வேலைக்கு டிமிக்கி" என்றார்கள் சிலர். "சத்தில்லை" என்று டானிக் வாங்கிக் கொடுத்தார்கள் சிலர். ஒரு வருஷம் ஓடிப்போச்சு. கடைசியில் ஒரு டாக்டரம்மா இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தார். வலக்கையில் 130, இடக்கையில் 90. தெருவில் கல்லூரிக்குப் போனவன் நான்தான் என்பதால், ஸ்கேன் ரிப்போர்ட்டை வாசிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார்கள். அன்றுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம்? தொடக்கத்தில் காய்ச்சல், சோர்வு, எடை குறைவு மட்டுமே. டி.பி. என்றுகூட நினைக்கத் தோன்றும். 40 வயதுக்குட்பட்ட பெண்களுக்கே அதிகம் வருவதால், ‘இந்த வயதில் இரத்தக்குழாய் அடைப்பா?’ என்று யாரும் சந்தேகிப்பதில்லை. அடைபட்ட கையில் மட்டும் அளந்தால், உள்ளே பிரஷர் ஏறியிருந்தாலும் கருவி குறைவாகவே காட்டும். கவனிக்காவிட்டால் பக்கவாதம், இதயச் செயலிழப்பு வரை போகலாம்.

ஆசிய நாடுகளில் இது ஓரளவு கூடுதல். வேலூர் சி.எம்.சி. உள்ளிட்ட நம் நாட்டு மருத்துவர்கள், நோயின் வேகத்தை அளக்க ‘ஐடாஸ் 2010’ என்ற மதிப்பெண் முறையையே வகுத்திருக்கிறார்கள். ஸ்டீராய்டும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளும் உண்டு. தேவைப்பட்டால் அடைப்பை பலூன் வைத்து விரிப்பார்கள். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது.

நண்பர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, கை ஓய்ந்துபோகிறது என்று சொல்லும் அக்கா தங்கைகளை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். "ரெண்டு கையிலயும் பிரஷர் பாருங்க சார்" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இரு கைகளுக்கும் 10-க்கு மேல் வித்தியாசம் இருந்தால், காரணம் தெரியும்வரை விடாதீர்கள்.