ஆணின் அலங்காரமும் ஆண்மையின் அளவுகோலும்

2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் ஒரு புகைப்படம் பெரும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. ஜே.குரூ என்னும் ஆடை நிறுவனத்தின் விளம்பரத்தில், அந்நிறுவனத்தின் படைப்புத் துறைத் தலைவி தம் ஐந்து வயது மகனின் கால் நகங்களுக்கு இளஞ்சிவப்புச் சாயம் பூசி விளையாடும் காட்சி இடம்பெற்றிருந்தது. தாயும் மகனும் சிரித்துக்கொண்டிருந்த அப்படத்தைக் கண்ட விமர்சகர் சிலர், ஆண், பெண் வேறுபாட்டையே குலைக்கும் முயற்சி இது எனச் சாடினர். குழந்தை விளையாட்டில் என்ன கேடு வந்துவிட்டது என வேறு சிலர் வினவினர். பத்தாண்டுகள் கழித்து, 2021 நவம்பரில், ஆங்கிலப் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் ‘பிளீசிங்’ என்ற பெயரில் நகப்பூச்சு விற்கும் நிறுவனத்தையே தொடங்கினார். மேலை நகரங்களில் நகத்துக்குச் சாயமிட்ட இளைஞரைக் காண்பது இன்று வியப்புக்குரியதன்று.

இவ்விவாதம் நம் இல்லங்களுக்கும் அயலானதாக இல்லை. கைப்பேசித் திரையில் உலகின் எல்லாப் பழக்கங்களையும் கண்டு வளரும் பிள்ளை, “பாட்டனார் கண்ணுக்குச் சுருமா இட்டாரே, அது அலங்காரம் இல்லையா? நகத்துக்குச் சாயம் மட்டும் ஏன் கூடாது?” என்று கேட்டால், அதட்டி அனுப்புவது விடையாகாது. இவ்வினாவில் இரண்டு செய்திகள் பின்னிக் கிடக்கின்றன. ஆண் எதை அணியலாம், எதை அணியலாகாது என்பது ஒன்று. ஆண்மை என்பது யாது என்பது மற்றொன்று. முன்னதற்கு மார்க்க நூல்கள் வரையறை தருகின்றன. பின்னதை அணியும் பொருளைக் கொண்டு அளக்கும் வழக்கமோ அந்நூல்களினின்று வந்ததன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இங்கு நம் நோக்கம்.

நகப்பூச்சின் பிறப்பு

இன்று நாம் காணும் நகப்பூச்சு பழமையான பொருளன்று. 1920களில் மோட்டார் வாகனங்களுக்கு மெருகூட்ட, நைட்ரோசெல்லுலோஸ் கலந்த விரைவில் உலரும் வண்ணப்பூச்சுகள் பயன்பாட்டுக்கு வந்தன. அதே வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்டே புதிய நகப்பூச்சும் உருப்பெற்றது. 1932இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ரெவ்லான் போன்ற நிறுவனங்கள் அதனைப் பெண்களுக்கான பொருளாகச் சந்தைப்படுத்தின. ஆக, இந்தப் பூச்சு பெண்ணுக்கே உரியது என்னும் எண்ணத்தின் வயது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுதான். 1970களில் டேவிட் போவி போன்ற இசைக் கலைஞர்களும், 1990களில் பாடகர் கர்ட் கோபேன், கூடைப்பந்து வீரர் டென்னிஸ் ராட்மன் ஆகியோரும் நகச்சாயம் அணிந்தபோது அது ஊரறிந்த வழக்கத்தை மீறும் செயலாகவே நோக்கப்பட்டது. இன்றைய இளைஞர் பலருக்கோ அது வெறும் நிறம். ஆஸ்திரேலியாவில் தோன்றிய ‘பாலிஷ்ட் மேன்’ இயக்கத்தில், சிறார்மீது நிகழும் வன்முறைக்கு எதிராக நிதி திரட்டிய ஆண்கள் ஒரு விரலின் நகத்துக்கு மட்டும் சாயம் இட்டனர். ஒரே பொருள் ஒருவருக்குக் கலகமாகவும், ஒருவருக்கு அழகாகவும், ஒருவருக்கு அறச் செயலின் அடையாளமாகவும் அமைவதை இங்குக் காண்கிறோம்.

மருதாணிக்கும் இப்பூச்சுக்கும் உள்ள வேறுபாடும் அறியத்தக்கது. நகப்பூச்சு நகத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. மருதாணி இலையிலுள்ள லாசோன் என்னும் நிறமியோ தோலிலும் நகத்திலும் உள்ள கெராட்டின் புரதத்துடன் பிணைந்து நிறத்தை மட்டும் விட்டுச் செல்கிறது. உளூவின் நீர் நகத்தைச் சென்றடைவதைப் படலம் தடுக்கும், நிறம் தடுக்காது. எனவே பூச்சை அகற்றிய பின்னரே உளூச் செய்ய வேண்டும் என மார்க்கச் சட்ட அறிஞர்கள் கூறுவது இரு பாலார்க்கும் பொதுவான விதியாகும். அது தூய்மை பற்றிய சட்டம், ஆண்மை பற்றியதன்று.

ஐரோப்பிய ஆண் துறந்தவை

அலங்காரம் பெண்ணுக்கே உரியது, எளிமையான கருநிற உடையே ஆணுக்கு அழகு என்னும் கருத்து ஐரோப்பாவிலும் தொன்மையானதன்று. குதிகால் உயர்ந்த காலணியை எடுத்துக்கொள்வோம். அங்கவடியில் கால் நழுவாதிருக்கப் பாரசீகக் குதிரை வீரர்கள் அதனை அணிந்தனர். 1599இல் ஷா அப்பாஸ் ஐரோப்பிய அரசவைகளுக்குத் தூதுக்குழு அனுப்பிய காலத்தை ஒட்டி, அங்குள்ள பிரபுக்களிடையே அக்காலணி வீரத்தின் சின்னமாகப் பரவியது. 1701இல் ரிகோ தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி சிவப்புக் குதிகால் காலணியும், பட்டுக் காலுறையும், நீண்ட பொய்முடியும் அணிந்து நிற்கிறார். அவர் காலத்தில் அது பெண் தோற்றம் எனக் கருதப்படவில்லை. அரச ஆண்மையின் உச்சமாகவே போற்றப்பட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நிலை மாறிற்று. நிறம், பட்டு, பின்னல் வேலைப்பாடு ஆகியவற்றை ஆண்கள் கைவிட்டனர். இம்மாற்றத்தை உளவியல் அறிஞர் ஃப்ளூகல் 1930இல் ‘ஆண்களின் மாபெரும் துறவு’ என்று பெயரிட்டு ஆராய்ந்தார். நிறங்களின் கதையும் இத்தகையதே. 1918இல் அமெரிக்க ஆடை வணிக இதழொன்று இளஞ்சிவப்பு ஆண் குழந்தைக்கும், நீலம் பெண் குழந்தைக்கும் ஏற்றவை எனப் பரிந்துரைத்தது. 2011இல் சர்ச்சைக்குள்ளான இளஞ்சிவப்பு, ஒரு நூற்றாண்டுக்கு முன் அதே நாட்டில் சிறுவனுக்குரிய நிறமாகவும் பரிந்துரைக்கப்பட்டிருந்தது!

முஸ்லிம் உலகில் ஆணின் அழகு

ஐரோப்பாவில் நிகழ்ந்த அம்மாற்றம் காலனியாதிக்கத்தின் வழியே முஸ்லிம் நாடுகளையும் எட்டியது. ஈரானிய வரலாற்றறிஞர் அஃப்ஸானே நஜ்மாபாதி 2005இல் வெளியிட்ட ஆய்வில், கஜார் காலத்தின் முற்பகுதி ஓவியங்களில் ஆணழகும் பெண்ணழகும் ஒரே அளவுகோலால் தீட்டப்பட்டன என்றும், ஐரோப்பியரின் பார்வைக்கு உள்ளான பின்னரே இரண்டும் கூர்மையாகப் பிரிக்கப்பட்டன என்றும் விளக்குகிறார். அக்காலத்து ஃபத்ஹ் அலீ ஷா (ஆட்சி 1797–1834) இடைவரை நீண்ட கருந்தாடியும் மணி பதித்த தோள்வளையும் ஒருங்கே கொண்டு ஓவியங்களில் காட்சி தருகிறார்.

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1614இல் அஜ்மீரில் நோயுற்றுக் குணமடைந்தபோது, காஜா முயீனுத்தீன் சிஷ்தி (ரஹ்) அவர்கள்பால் கொண்ட நன்றியுணர்வின் அடையாளமாகத் தம் காதுகளைக் குத்தி முத்து அணிந்ததைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். அவையோரும் அவரைப் பின்பற்றினர். துருக்கியில் மகனைப் படைப்பணிக்கு அனுப்பும் தாய் அவன் கையில் மருதாணி இடும் வழக்கம் இன்றும் உண்டு. குர்பானி ஆட்டுக்கும், மணமகளுக்கும், படைவீரனுக்கும் மருதாணி இடுவது அர்ப்பணத்தின் குறி என அம்மக்கள் கூறுவர். 2001இல் தாலிபான்கள் கந்தஹாரை விட்டு அகன்ற பின், அந்நகரின் புகைப்பட நிலையங்களில் அவர்களின் படங்கள் கிடைத்தன. ஜெர்மானியப் புகைப்படக் கலைஞர் தாமஸ் ட்வோர்ஸாக் அவற்றைத் தொகுத்து 2003இல் நூலாக்கினார். கண்ணுக்கு மை தீட்டி, மலர்களின் பின்னணியில் அமர்ந்திருந்த அவ்வீரர்களைக் கண்டு மேலை வாசகர்கள் திகைத்தனர். கந்தஹாரிலோ அது ஆண்களின் இயல்பான வழக்கம். நம் ஊர்களிலும் சுருமா இட்ட கண்ணும் அத்தர் மணமுமாக ஜுமுஆவுக்குச் சென்ற பெரியவர்களை நாம் அறிவோம். அதே சுருமாவுடன் இன்று பள்ளிக்கூடம் செல்லும் சிறுவன் கேலிக்கு ஆளாவான்.

அரசரின் செயலோ ஊர் வழக்கமோ மார்க்கச் சான்றாகிவிடாது என்பது உண்மையே. எனினும், ஆணின் அழகைப் பற்றிய எண்ணம் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை என்பதற்கு இவை போதிய சான்றுகளாகும்.

நூல்கள் வகுத்த எல்லை

மார்க்கம் ஆணுக்கு அலங்காரத்தை அடியோடு மறுக்கவில்லை. ஒவ்வொரு தொழுமிடத்திலும் அழகிய தோற்றத்தை மேற்கொள்ளுமாறு பணிக்கும் இறைமறை, அடியார்களுக்கென இறைவன் வெளிப்படுத்திய அலங்காரத்தைத் தடுப்பவர் யார் என்றும் வினவுகிறது (7:31–32). நபி (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் அணிந்தார்கள்; இஸ்மித் என்னும் சுருமாக் கல்லைப் புகழ்ந்தார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் மருதாணியும் கதம் என்னும் செடியும் கலந்து நரைக்குச் சாயமிட்டதை முஸ்லிம் நூலில் காண்கிறோம்.

அதேவேளை எல்லைகளும் உண்டு. தங்கமும் பட்டும் ஆண்களுக்கு விலக்கப்பட்டன. ஆயினும் தோல் அரிப்பால் வருந்திய ஸுபைர் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) ஆகிய இருவர்க்கும் பட்டணிய நபியவர்கள் அனுமதி அளித்தார்கள். ஆணின் நறுமணப் பொருள் மணம் மிகுந்து நிறம் மறைந்ததாகவும், பெண்ணுடையது நிறம் மிகுந்து மணம் மறைந்ததாகவும் இருக்குமெனத் திர்மிதியில் வரும் செய்தி சுட்டுகிறது. பெண்களைப் போல் நடிக்கும் ஆண்களும், ஆண்களைப் போல் நடிக்கும் பெண்களும் சபிக்கப்பட்டதாகப் புகாரி நூல் பதிவு செய்கிறது. கைகால்களில் மருதாணி இடுவது, மருத்துவத் தேவை இருந்தாலன்றி, ஆணுக்கு ஆகாது என்பது இமாம் நவவி (ரஹ், ஹி. 676 / கி.பி. 1277) அவர்களின் முடிவு. துருக்கிய வழக்கத்தையும் இம்முடிவையும் அருகருகே வைத்து நோக்கினால், சட்ட நூலும் மக்கள் வழக்கும் எப்போதும் ஒத்துச் சென்றதில்லை என்பது விளங்கும்.

‘போலச் செய்தல்’ என்பதை எவ்வாறு அறிவது? புகாரியின் விரிவுரையாளர் இப்னு ஹஜர் (ரஹ், ஹி. 852 / கி.பி. 1449), உடையின் அமைப்பு ஊருக்கு ஊர் மாறுபடும் என்றும், சில சமூகங்களில் ஆடவர் பெண்டிர் உடைகளிடையே வேறுபாடே இல்லை என்றும் எடுத்துரைக்கிறார். அஃதாவது, எல்லை வேண்டும் என்பது நிலையான விதி; எப்பொருள் எப்பக்கம் நிற்கிறது என்பதைப் பெரிதும் அந்தந்த நாட்டின் வழக்கம் காட்டும். இவ்வளவுகோலின்படி, நகப்பூச்சைப் பெண்ணின் அணியாகவே அறிந்துள்ள நம் சமூகத்தில் ஆண் அதனைத் தவிர்ப்பதே முறை. “பாட்டனார் சுருமா இட்டாரே” என்னும் பிள்ளையின் வினாவுக்கும் விடை இதுவே: சுருமா ஆணுக்கு நபிவழியில் அமைந்தது, நகப்பூச்சுக்கு அத்தகைய இடம் இல்லை. இவ்விடையை அமைதியாகவே கூற இயலும்.

முரூஆவும் ஃபுதுவ்வாவும்

இதனினும் நுட்பமான ஒரு வேறுபாட்டை இமாம் நவவி அவர்கள் முஸ்லிம் நூலின் விரிவுரையில் வகுத்துத் தருகிறார்கள். குரலிலும் நடையிலும் இயல்பாகவே மென்மை அமையப்பெற்றவன் மீது பழியில்லை, பாவமில்லை. அதனை வலிந்து புனைபவனே கண்டிக்கப்படுகிறான் என்பது அவர்கள் கூற்று. கைகால்களில் மருதாணி இட்ட ஒருவர் மதீனாவை விட்டு அனுப்பப்பட்ட நிகழ்ச்சியை அபூதாவூத் பதிவு செய்கிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து விமர்சனம் உண்டு. அச்செய்தியிலும், அவரைக் கொன்றுவிடலாமா என்று தோழர்கள் கேட்டபோது, தொழுவோரைக் கொல்லத் தமக்குத் தடை உண்டு என நபியவர்கள் மறுத்ததாகவே உள்ளது. அவருடைய தொழுகை அவர் உயிருக்கு அரணாயிற்று.

நம் வகுப்பறைகளிலும் பள்ளிவாசல் வளாகங்களிலும் மென்குரல் கொண்ட சிறுவன் படும் துன்பத்தை இங்கே நினைவுகூர வேண்டும். பட்டப்பெயர் சூட்டுவதும், நடையை நடித்துக் காட்டிச் சிரிப்பதும் ஆண்மையை வளர்க்கும் பயிற்சி என்றே பலர் எண்ணுகின்றனர். ஒரு கூட்டத்தார் பிறிதொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கலாகாது, பட்டப்பெயர் சூட்டி அழைக்கலாகாது என்னும் இறைமறையின் தடை (49:11) அப்போது எவர் நினைவிலும் வருவதில்லை. நகச்சாயத்தில் விதியைத் தேடும் நாம், இவ்வெளிப்படையான விதியை மீறுகிறோம்.

ஆண்மை என்பதற்கு நம் அறிஞர்கள் வேறு சொற்களை வழங்கினர். மனிதன் என்னும் பொருள் தரும் சொல்லினின்று பிறந்த ‘முரூஆ’, இளைஞன் என்னும் சொல்லினின்று பிறந்த ‘ஃபுதுவ்வா’ ஆகிய இரண்டும் பண்பையே குறித்தன. அஸ்ஸுலமி (ரஹ், ஹி. 412 / கி.பி. 1021) ஃபுதுவ்வா பற்றித் தனி நூலே இயற்றினார். தோழரின் பிழை பொறுத்தல், வாக்குக் காத்தல், தன்னினும் பிறரை முற்படுத்தல் என்பன அதில் பேசப்படுகின்றன. அல்குஷைரி (ரஹ், ஹி. 465 / கி.பி. 1072) தம் ‘ரிஸாலா’வில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். ஒருவர் ஒரு பெண்ணை மணந்தார். இல்வாழ்வு தொடங்கும் முன்னரே அவளுக்கு அம்மை கண்டது. தம் கண்ணில் நோவு என்றார் அவர். பின்னர்ப் பார்வையே போய்விட்டது என்றார். இருபது ஆண்டுகள் இருவரும் சேர்ந்து வாழ்ந்தனர். மனைவி இறந்ததும் அவர் கண்களைத் திறந்தார். காரணம் கேட்டவர்களிடம், தாம் குருடரானதே இல்லை என்றும், தன் முகத்தைக் கணவன் பார்க்கிறானே என அவள் வருந்தக்கூடாது என்பதற்காகவே அவ்வாறு நடித்ததாகவும் சொன்னார். இளைஞர் அனைவரையும் ஃபுதுவ்வாவில் அவர் விஞ்சிவிட்டதாகக் கேட்டோர் கூறினர்.

அக்கதையில் அம்மனிதர் என்ன உடுத்தினார், சுருமா இட்டாரா என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. எதை அணியலாகாது என்பதை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் கடமை நமக்கு உண்டு. அதனைக் கற்பித்து முடித்ததும் ஆண்மையைக் கற்பித்துவிட்டதாக எண்ணி அமைதல் தகாது.